முதலெழுத்தும் பாடலின் அடையாளமும்: ஜப்பானிய ‘ஹியாகுனின் இஷ்ஷு’ தொகுப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானிய மொழியில் ‘உதா’ என்னும் சொல் பாட்டையும் கவிதையையும் ஒருசேரக் குறிக்கும். 31 ஒலியலகுகளைக் கொண்ட மரபுக் குறும்பாடல்கள் பெரும்பாலும் தொடக்கச் சொற்களாலேயே சுட்டப்படுகின்றன. தொடக்கமே தலைப்பின் இடத்தில் நிற்கிறது. நூறு புலவரின் நூறு பாடல்களைக் கொண்ட ‘ஹியாகுனின் இஷ்ஷு’ தொகுப்பில், முதலெழுத்தைக்கொண்டு பாடலை இனங்காணும் முறை ஓர் அட்டை விளையாட்டின் வழியே நுட்பமாக வளர்ந்துள்ளது. அம்முறை பாடலைப் பற்றி எதனை உணர்த்துகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹியாகுனின் இஷ்ஷு, காருதா, கிமாரிஜி, முதலெழுத்து, கனா எழுத்து, அகரவரிசை.

முன்னுரை

பாடல்களை முதலெழுத்தின்படி அடுக்குவது நூலகப் பணியாகவே கருதப்படுகிறது. பாட்டு முதற்குறிப்பு அகராதி நூலின் இறுதியில் இடம்பெறும். திறனாய்வாளர் அதனைப் பயன்படுத்துவாரேயன்றி அதனைப் பொருளாகக் கொண்டு எழுதுவதில்லை. ஹியாகுனின் இஷ்ஷு இவ்வழக்கத்திற்கு விலக்காக அமைகிறது. இத்தொகுப்பு 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்னும் புலவரால் தொகுக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அரசாணைத் தொகை நூல்கள் பத்திலிருந்து எடுக்கப்பட்ட பாடல்கள், பேரரசர் தென்ஜி முதல் பேரரசர் ஜுந்தொகு வரை ஏறத்தாழக் கால வரிசையில் இதில் அமைந்துள்ளன. எனவே முதலெழுத்து வரிசை தொகுத்தவரின் நோக்கமன்று. பிற்காலத்தில் பாடலைக் கேட்டோர் உருவாக்கியது.

எழுத்து வரிசையின் பின்னணி

ஜப்பானியக் கனா எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் உயிரையோ உயிர்மெய்யையோ குறிக்கும். இன்று வழங்கும் கனா வரிசை அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர்களில் தொடங்கி, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் மெய்வரிசைகளாகச் செல்கிறது. இன்றைய ஹகரம் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது மொழியியலார் ஏற்ற முடிவு. அதனைக் கருத்திற்கொண்டால் இவ்வரிசை தமிழ் நெடுங்கணக்கோடு பெரிதும் ஒத்துச் செல்வது புலனாகும். இது தற்செயலன்று. பௌத்தத் துறவியர் சித்தம் என்னும் இந்திய எழுத்துமுறையைக் கற்றதன் வழியே இந்திய ஒலியியலின் பிறப்பிட வரிசை ஜப்பானுக்குச் சென்றது. எனினும் நெடுங்காலம் ‘இரொஹா’ என்னும் வேறொரு வரிசையே பொதுவழக்கில் இருந்தது. ஓட்சுகி ஃபுமிஹிகோவின் ‘கென்காய்’ அகராதி (1889–1891) கனா வரிசையைப் பின்பற்றியது.

நூறு பாடல்களும் 27 எழுத்துகளில் தொடங்குகின்றன. ரகர வரிசையில் ஒரு பாடலும் தொடங்கவில்லை. ஜப்பானிய இயற்சொற்கள் அவ்வொலியை மொழிமுதலாகக் கொள்ளாமையே காரணம். தொல்காப்பியம் கூறும் மொழிமுதல் எழுத்துகளிலும் ரகரம் இல்லை என்பது நினைக்கத்தக்கது. ஆயினும் இப்பண்பு கொரிய, துருக்கிய மொழிகளிலும் காணப்படுவதால், இதனை மட்டும் கொண்டு மொழியுறவு பேசுதல் பொருந்தாது.

கிமாரிஜி: தீர்மானிக்கும் எழுத்து

‘காருதா’ விளையாட்டில் ஒருவர் பாடலை முதலிலிருந்து இசையோடு படிப்பார். ஆடுவோர் முன்னுள்ள அட்டைகளில் பாடலின் பிற்பகுதி மட்டுமே கனாவில் எழுதப்பட்டிருக்கும். உரிய அட்டையை முதலில் தொடுபவருக்கே அது உரியது. 1904இல் குரோய்வா ருய்கோ போட்டி விதிகளை ஒருமுகப்படுத்தினார். எத்தனை எழுத்துகளைக் கேட்டவுடன் பாடல் இன்னதெனத் துணியலாமோ அவ்வளவே அப்பாடலின் ‘கிமாரிஜி’, அதாவது தீர்மானிக்கும் எழுத்து.

ஏழு பாடல்களுக்கு ஓரெழுத்தே போதும். மு, ஸு, மெ, ஃபு, ஸ, ஹொ, ஸெ என்னும் அவ்வெழுத்துகளை ஆடுவோர் ஒரு தொடராகவே மனனம் செய்வர். இரண்டெழுத்தில் துணியப்படுபவை 42, மூன்றில் 37, நான்கில் 6, ஐந்தில் 2, ஆறில் 6. ஸகரத்தில் தொடங்கும் பாடல் ஒன்றே. அகரத்தில் தொடங்குபவை பதினாறு.

இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. ஸகரப் பாடல் ஓரெழுத்தில் இனங்காணப்படுவது அதன் சிறப்பினால் அன்று. அவ்வெழுத்தில் தொடங்கும் வேறு பாடல் தொகுப்பில் இல்லாமையால்தான். உகரத்தில் தொடங்கும் இரு பாடல்களுள் ஒன்று படிக்கப்பட்டுவிட்டால், எஞ்சியது அந்நொடியே ஓரெழுத்துப் பாடலாகிவிடும். ஆகவே முதலெழுத்தின் அடையாளம் பாடலுக்குள் உறைவதன்று. உடனுள்ள பாடல்களோடு கொண்ட வேறுபாட்டில் பிறப்பது.

கண்ணின் வரிசையும் செவியின் வரிசையும்

அகரப் பாடல்கள் பதினாறு என்பதும் செவிக்கே பொருந்தும். ஃபுஜிவாரா நோ அசததா இயற்றிய 44ஆம் பாடல் பழைய எழுத்துமுறையில் அகரத்தில் தொடங்குகிறது. ஒலிக்கும்போதோ ஒகரமாகக் கேட்கிறது. ஏட்டின்படி அகரப் பாடல்கள் பதினேழு, செவியின்படி பதினாறு. ஒகுரா மலையைச் சுட்டித் தொடங்கும் 26ஆம் பாடலின் முதலெழுத்தும் முன்பு ஒகரத்திலிருந்து வேறான தனியெழுத்தாக எழுதப்பட்டது. இன்று இரண்டும் ஓரொலியாயின. இவ்விரு மாற்றங்களாலும், எழுத்தில் ஐந்தாக இருந்த ஒகரப் பாடல்கள் ஒலியில் ஏழாகின்றன. எழுத்தும் ஒலியும் பிரிந்த மொழியில் முதலெழுத்து என்பது ஒருமைப்பொருள் உடையதன்று என்பதற்கு இது தக்க சான்று.

முதலெழுத்து மறைப்பது

முகரத்தில் தொடங்கும் ஜாகுரெனின் பாடல் (87) மழைக்குப்பின் மலைமரங்களிடையே எழும் பனிமூட்டத்தைக் காட்டுகிறது. ஸகரத்தில் தொடங்கும் ரியோஸெனின் பாடல் (70) தனிமை தாளாது குடிலைவிட்டு வெளிவருபவர், எங்கும் அதே தனிமை நிறைந்திருக்கக் காண்பதைச் சொல்கிறது. முன்னதில் மனிதர் இல்லை. பின்னதில் மனித மனமே பொருள். ஆயினும் இரண்டும் இலையுதிர்கால மாலையைக் குறிக்கும் ஒரே பெயர்த்தொடரில் முடிகின்றன. ஆடுவோர் முன்னுள்ள அட்டைகளில் இவ்விரண்டின் ஈறும் ஒன்றே. முதலெழுத்து வரிசை இவ்விரு பாடல்களையும் ஓரெழுத்தில் பிரித்துவிடுகிறது. ஈறோ அவற்றை ஒன்றாக்குகிறது. ஒரு காட்சியும் ஓர் உணர்வும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே மாலையில் சேரும் அழகை முதலெழுத்தோடு நின்றுவிடும் செவி அறியாது. விரைவான ஆட்டத்தில் பாடல் கேட்கப்படும் முன்பே முடிந்துவிடுகிறது என்னும் குறை இப்பாடல்களைப் பொறுத்தவரை நியாயமானதே.

முதலெழுத்து உணர்த்துவது

ஆறெழுத்துப் பாடல்களில் நிலைமை வேறு. பேரரசர் கோகோவின் பாடலும் (15) ஃபுஜிவாரா நோ யொஷிதகாவின் பாடலும் (50) ‘உனக்காக’ என்னும் ஒரே தொடரில் தொடங்குகின்றன. முன்னதில் ஒருவர் வசந்தகால வெளியில் இளங்கீரை பறிக்க, அவருடைய கைம்மடிப்பில் பனி விழுகிறது. பின்னதில், காதலுக்காக உயிரையும் பொருட்படுத்தாதிருந்தவர், கூடியபின் நெடிது வாழ விழைகிறார். கொடை ஒன்றில் கீரை, மற்றொன்றில் உயிர். எதுவென அறிய ஆடுவோர் ஐந்தெழுத்துகளையும் கடந்து ஆறாம் எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். ‘உனக்காக’ என்றபின் வரும் அந்த இடைவெளி ஆட்டத்தின் பதற்றம் மட்டுமன்று. அச்சொல் எதனை ஈய வல்லது என்னும் வினாவும் ஆகும். இங்கு விளையாட்டின் விதியும் பாடலின் பொருளும் ஒன்றுபடுகின்றன. தனித்துப் படிக்கும்போது இந்த வினா எழுவதில்லை. இரு பாடல்களையும் ஒருங்கே நினைவில் கொண்டவருக்கே அது எழும்.

முடிவுரை

முதலெழுத்து வரிசை பாடலின் பொருளுக்குப் புறம்பானது என்று ஒதுக்குவதும், அதுவே பாடலின் திறவுகோல் எனப் போற்றுவதும் பொருந்தா. அது பாடலைத் தனிப்பொருளாக அன்றி, அண்டைப் பாடல்களோடு உறவுடையதாகக் காட்டுகிறது. அதேவேளை ஈற்றில் நிகழும் உறவுகளை மறைத்தும் விடுகிறது. எழுத்துவழி வரிசையும் ஒலிவழி வரிசையும் வேறுபடுதலின், முதற்குறிப்பு அகராதி எதுவாயினும் அது கண்ணுக்கா செவிக்கா என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஈற்றுத்தொடர்களின் அடிப்படையிலும் இந்நூறு பாடல்களை அடுக்கி, இரு வரிசைகளையும் ஒப்பிட்டு ஆராய்வது அடுத்த நிலை ஆய்வுக்குரிய களமாகும்.