துப்பறிவாளர் வராத கதைகள்

1954-ல் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' வந்தது. அதே ஆண்டில் இங்கே எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. முதல் படத்தின் மூலக்கதை கார்னெல் வூல்ரிச் எழுதியது. இரண்டாவதற்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஜப்பான் குண்டு வீசிய 1943-ன் சென்னையில், ஒரு ரேடியோ எஞ்சினீயரின் கொலையைப் பாட்டே இல்லாமல் சொல்லும் அந்தப் படம் வூல்ரிச்சின் இருட்டைத் தானாகவே கண்டடைந்தது. சந்தேகம் வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

வூல்ரிச் 1903-ல் நியூயார்க்கில் பிறந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதியை ஓட்டல் அறைகளில், தாயுடன் கழித்தார். 1957-ல் தாய் இறந்தார். பிறகு குடி, தனிமை. புண் அழுகி ஒரு கால் போனது. 1968-ல் இறந்தபோது, தாயின் பெயரில் உதவித்தொகை வழங்கும்படி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சொத்தை எழுதிவைத்திருந்தார். 'ஃபேன்டம் லேடி' (1942) நாவலின் அத்தியாயத் தலைப்புகள் மரண தண்டனைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே போகும். கொலையாளி யார் என்பதைவிட, விடிவதற்குள் தப்பிக்க முடியுமா என்பதே அவர் கேள்வி.

நம் மரபு வேறு. ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த் என்று யாரோ ஒருவர் வந்து முடிச்சை அவிழ்த்துவிடுவார். எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளை நிறைத்த மாத நாவல்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடந்தன. சுஜாதாவின் 'நைலான் கயிறு' சற்றே விலகுகிறது. புலன்விசாரணைக்கு நடுவே குறுக்கிடும் ஒரு பெண்ணின் டயரிப் பக்கங்களில் இருக்கும் வலி, விடை தெரிந்த பின்னும் ஆறுவதில்லை.

வூல்ரிச்சின் 'ஐ மேரீட் எ டெட் மேன்' (1948) இந்தியில் 'கடி பதங்' ஆகி, தமிழில் 'நெஞ்சில் ஒரு முள்' (1981) ஆனது. கைவிடப்பட்ட கர்ப்பிணி ஒருத்தி ரயில் விபத்தில் இறந்தவளின் அடையாளத்தை ஏற்கிறாள். அவளைப் பிளாக்மெயில் செய்தவனைக் கொன்றது யார் என்று நாவல் சொல்லாது; அவளும் அவளை மணந்தவனும் ஒருவரையொருவர் சந்தேகித்தே அழிவார்கள். இந்திப் படமோ குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்து, காதலர்களைச் சேர்த்துவைத்தது. பயத்தை நாம் கண்ணீராக மாற்றிக்கொண்டோம். எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

ஏனென்றால் வூல்ரிச்சின் களம் இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வாடகை அறைகள், விடுதிகள், நைட் ஷிப்ட் முடிந்து இறக்கிவிடும் கம்பெனி பஸ்கள். பக்கத்துக் கட்டிலில் தூங்குபவரின் ஊர்கூடத் தெரியாது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அதை வீட்டில் சொல்லாமல், அறை வாடகைக்கும் வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண்ணை வைத்து நாவல் எழுதலாம். அவளைக் காப்பாற்ற எந்த கணேஷும் வர வேண்டாம்.