பேட்டியில் மட்டும் அழுகிற பாட்டு

'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு 2021இல் வந்ததிலிருந்து மலேசியாவில் நம் பக்கத்திலும் ஒரு மோஸ்தர் பிடித்துக்கொண்டது. பாட்டி, கப்பல், தோட்டம், பால்மரம். இந்த நான்கையும் மின்னிசைத் தாளத்தில் போட்டு, மேலே ஓர் ஒப்பாரித் துணுக்கை ஒட்டிவிட்டால் 'வேர்களைத் தேடும் பாடல்' தயார். குறை சொன்னால் ஒரே பதில்தான் வருகிறது: "இதைக் கேட்டாவது பிள்ளைகள் தோட்ட வரலாற்றைத் தேடிப் படிக்கிறார்களே!" ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பாட்டைக் கேட்ட பிறகு வரலாற்றைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது என்றால், பாட்டு என்னதான் சொன்னது?

இந்த வழியை உலகமறியப் போட்டவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்றால் இளையவர்களுக்குத் தெரியும். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயரான 'கலா'. இந்த இரண்டாவது ஆல்பத்தின்போது அமெரிக்க விசா சிக்கலானதும் ஊர் ஊராகப் போனார். இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் ஒலி சேர்த்தார். சென்னையில் உறுமிக் கலைஞர்களைத் திரட்டிப் பதிவு செய்தார். 'தளபதி' படத்தின் இளையராஜா மெட்டும் 'கலா'வில் உண்டு, இங்கிலாந்து ராக் குழுவான தி கிளாஷின் கிட்டாரும் உண்டு. உறுமியை 'தோட்டத்துக் கொட்டு' என்று முகம் சுளித்தவர்கள் நம்மிடையே இருந்த காலத்தில் அதை உலக மேடையில் ஏற்றியதற்குக் கைதட்டத்தான் வேண்டும். அந்த ஆல்பத்தின் துணிச்சல் இன்றைக்கும் பழசாகவில்லை. சரி, பாராட்டு முடிந்தது.

அட்டையில் அம்மாவின் பெயர் இருக்கிறது. உள்ளே அம்மா எங்கே? யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு 1986இல் அகதியாக லண்டன் போய், துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண் அவர். இதை நாம் தெரிந்துகொண்டது மகளின் பேட்டிகளிலிருந்து. பன்னிரண்டு பாட்டையும் கேட்டு முடித்தாலும் அந்தத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் காதில் விழாது. துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது, 'மூன்றாம் உலகம்' மொத்தமாக வந்து ஆடுகிறது. கலா வரவில்லை.

கிராமி விருதுக்குப் பரிந்துரையான 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் ஓடுவது தி கிளாஷ் 1982இல் போட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசை. அந்த மூலப்பாட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது: அமெரிக்கச் சிப்பாய்க்கு வியட்நாமில் பிறந்து, அப்பா இருக்கும் படத்தைக் காட்டி, தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி நிற்கிற பிள்ளை. எம்.ஐ.ஏ. இசையை எடுத்துக்கொண்டார், பிள்ளையை விட்டுவிட்டார். அந்த இடத்தில் வருவது வந்தேறிகளைப் பற்றிய வெள்ளைக்காரப் பயத்தின் மீதான நக்கல். கூர்மையான நக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் ராக் இசையாலோ மின்னிசையாலோ தனி ஒருவரின் துயரத்தைச் சொல்ல முடியாது என்று இனி யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். மூலப்பாட்டு சொல்லியிருக்கிறது.

ராப் பாடகர் அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி'யிலும் இதே கதைதான். தோட்டம் செழித்தும் தன் தொண்டை காய்ந்து கிடப்பதாக வருகிற இடம் ஒன்று போதும், அவர் கவிஞர் என்பதற்கு. ஆனால் அந்தத் தோட்டம் எங்கே இருந்தது? இலங்கைத் தேயிலை மலைக்குப் போன முன்னோர், அவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிடி நிலமில்லாமல் திரும்பி வந்தது என இத்தனையும் பாட்டுக்கு வெளியே வந்தவை; பாட்டி வள்ளியம்மாளின் பெயர் மட்டும் பாட்டுக்குள் வருகிறது. பேட்டிகளிலும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் மேடையில் தான் இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறியபோது அவர் எழுதிய பதிவிலும்தான் இழப்பு அதன் சொந்த விவரத்தோடு வந்தது. பாட்டு ஆடவைத்தது, பதிவுதான் அழவைத்தது.

என் நெடுநாள் மனத்தாங்கல் இதுதான். இவர்கள் ஒப்பாரியின் குரலை எடுத்துக்கொண்டு அதன் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஒப்பாரியில் 'முன்னோர்' என்று யாரும் கிடையாது. அப்பா உண்டு, கூடப்பிறந்தவன் உண்டு, தாலி கட்டியவன் உண்டு. லயத்து வாசலில் மாரடித்து அழுத கிழவி, செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன மனுஷன், பால் சுமக்கும் காண்டா வாளி அழுத்திக் காய்த்துப்போன தோள், கடைக்காரனிடம் நிற்கிற பாக்கி, அடகிலிருந்து மீட்காத மகளின் தோடு, நோயில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத கொழுந்தன் என்று எல்லாவற்றையும் கணக்குத் தீர்ப்பதுபோல் சொன்னாள். கொழுந்தன் அங்கேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். ஊரே சாட்சி. இந்த விவரங்களைக் கழித்துவிட்டு இழுவையை மட்டும் வெட்டி எடுத்துச் சுழலவிட்டால், மிஞ்சுவது சோகமான ஒரு சத்தம். அதற்கு யார் செத்தாலும் ஒன்றுதான்.

உறுமிக்கும் இதே கதி. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசக் காவடியோடு நடந்தவர்களுக்குத் தெரியும். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்து உறுமவிடுகிறவர் கண்ணெடுக்காமல் காவடிக்காரரையே பார்க்கிறார். அவர் தளர்ந்தால் தாளம் காத்திருக்கிறது, அருள் ஏறினால் முடுக்குகிறது. கணினியில் வெட்டி ஒட்டிய நான்கு மாத்திரைக்கு எதிரே ஆளே இல்லை. அது யாருக்காகவும் நிற்காது.

பேராக்கில் சொல்வதற்கா பஞ்சம்? 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் வந்தபின் முள்வேலிக்குள் அடைபட்ட லயங்கள் இருக்கின்றன. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள், அதைத் தடுக்க 1960இல் அன்றைய அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டியவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையால் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களும், கப்பலேறாமல் இங்கேயே நின்றுவிட்ட அவர்கள் தம்பிமார்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள், ஓர் இடம், பொறுப்பேற்க வேண்டிய ஒருவர் உண்டு. நம் புதிய பாடல்களோ 'பால்மரம்' என்ற ஒற்றைச் சொல்லோடு எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகின்றன. எந்தத் தோட்டத்துப் பால்மரம்? எந்த டிவிஷன்? இப்போது அங்கே செம்பனையா, வீடமைப்புத் திட்டமா? கம்பெனி எது? பெயர் சொன்னால் யாருக்காவது வலிக்கும். வலித்தால் மேடை கிடைக்காது, விளம்பரதாரர் கிடைக்கமாட்டார். பொதுவான சோகம் யாரையும் குற்றம் சொல்வதில்லை, அதனால்தான் அதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள்.

"பெயர் போட்டால் வெளியூர்க்காரனுக்குப் புரியாது" என்பது அடுத்த வாதம். தி கிளாஷின் அந்தப் பாட்டு ஹோ சி மின் நகரைப் பெயர் சொல்லித்தான் பாடுகிறது. நாம் ஈப்போவில் உட்கார்ந்து கேட்கிறோம், புரிகிறது. ஊர்ப்பெயர் இருந்தால் புரியாமல் போகும் என்று பயப்படுகிறவருக்குக் கேட்பவன் மீதும் நம்பிக்கை இல்லை, தன் ஊர் மீதும் இல்லை.

ஆகவே பாட்டியைப் பற்றி அடுத்த ஆல்பம் போடப்போகிற நம் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சின்தசைசர் இருக்கட்டும், கிட்டார் அலறட்டும், எனக்குத் தடையில்லை. பாட்டி எந்தத் தோட்டத்தில் மரம் சீவினாள், எந்த வருஷம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள், சொன்னது யார்? இந்த மூன்றையும் பாட்டுக்குள்ளேயே வையுங்கள். பேட்டிக்கென்று மிச்சம் வைக்காதீர்கள்.