நெருப்பையா நினைப்பது?

கீழப்பழுவூர்ச் சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 சனவரி 25 அன்று திருச்சியில் தீக்குளித்து மாண்டார். ஆண்டுதோறும் அந்நாளில் வீரவணக்க மேடைகள் எழுகின்றன. ஆங்கு முழங்கும் பாக்களிலும் உரைகளிலும் நாம் காணும் குறை ஒன்றுண்டு: பலவும் நெருப்பைப் பாடுகின்றன, அவர் கேட்ட மொழியுரிமையைப் பேசுவன சிலவே.

மாண்டாரைத் தெய்வமாக்கி, மாலையிட்டுக் கலைவது பகுத்தறிவாளர்க்குப் பொருந்துமா? சாவைப் புகழும் சொல், இன்னோர் இளைஞனைத் தீக்கு அழைக்குமாயின், இழப்பு தமிழுக்கே.

1968 சனவரி 23 அன்று சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை விலக்கி, இருமொழிக் கொள்கையை ஏற்றது. வாழ்ந்து, வாதாடி, வாக்குத் திரட்டியோர் ஈட்டிய வெற்றி அன்றோ அது? தோழர்காள்! அவர் பெயரால் ஊர்தோறும் ஒரு படிப்பகம் திறப்போம். அதுவே வீரவணக்கம்.