வாட்டர்மார்க்கை அழிக்காதீர்கள், எடுத்துவிடுங்கள்

நாமே வரைந்த லோகோ. ஒப்புதலுக்காகக் குறுக்கே 'மாதிரி' என்று போட்டு அனுப்பிய பிடிஎஃப் மட்டும் மின்னஞ்சலில் கிடக்கிறது, மூலக் கோப்பைக் காணோம். டிசைனர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. 'ஒரே கிளிக்கில் நீக்குகிறோம்' என்னும் ஆன்லைன் தளங்கள் பெரும்பாலும் கோப்பைப் பிக்சல் படமாக்கித்தான் துடைக்கும். அதைப் பேனரில் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பிசிறு.

2003இல் சோடிபோடி மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச இங்க்ஸ்கேப்பில் இந்த வேலையைச் செய்து பார்த்தேன். வெக்டரில் வாட்டர்மார்க்கும் தனிப் பொருள்தான். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிடிஎஃப்பைத் திறந்து அன்குரூப் செய்துவிட்டு கண்ட்ரோல்-5 தட்டினால், நிறங்கள் கழன்று வெறும் கோடுகள் நிற்கின்றன. வெளிறிக் கிடந்த 'மாதிரி' பளிச்சென்று தெரிகிறது. ஓர் எழுத்தைப் பிடித்து, அதே நிறமுள்ள மற்றவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி டெலீட் அடித்தால் தீர்ந்தது. லோகோவிலும் அதே நிறம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் குறி என்றால், அது பேட்டர்னாக இருக்கலாம். எக்ஸ்எம்எல் எடிட்டரில் தேடினால் சிக்கும்.

சிக்கல் வேறிடத்தில். அச்சகத்துக்கென்று பிடிஎஃப் எக்ஸ்-1ஏ வடிவில் சேமித்த கோப்பில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை. அதனால் வாட்டர்மார்க் படிந்த இடங்களெல்லாம் தனித்தனித் துண்டுகளாக வெட்டப்பட்டு, கலந்த நிறம் ஏறியிருக்கும். அங்கே டெலீட் அடித்தால் ஓட்டைதான் மிஞ்சும். துண்டுகளுக்கு அடிநிறத்தைக் கொடுத்து, யூனியன் கட்டளையால் பக்கத்து வடிவத்தோடு ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் சுத்தமாக வருகிறது. கிரேடியன்ட் மேல் விழுந்த குறி என்றால் அந்தப் பகுதியைப் புதிதாக வரைவதே மேல்.

இதெல்லாம் சொந்தக் கோப்புக்கும் திருத்த உரிமை உள்ள கோப்புக்கும்தான். ஸ்டாக் தளங்களின் முன்னோட்டத்தை ஏன் குடைய வேண்டும்? பெரும்பாலும் அது ஜேபிஜி. உரிமம் வாங்கினால் குறியில்லாத கோப்பே வந்துவிடும்.

குறை என்றால், நோடுகள் மலிந்த கோப்பில் இங்க்ஸ்கேப் திணறும். இன்னொன்று, உள்ளே வேலை நடப்பது ஆர்ஜிபியில். சிஎம்ஒய்கே கேட்கும் ஆஃப்செட் அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஸ்கிரைபஸிலோ கோரல்டிராவிலோ நிறங்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கறுப்பு எழுத்து நான்கு நிறக் கலவையாக மாறியிருக்கக்கூடும்.