வைர ஆய்வு மாதிரி முடிவுகள்: ஒரு திறனாய்வு

வைர ஆய்வில் நிலத்திலிருந்து எடுக்கப்படும் மாதிரிகளின் முடிவுகள், ஓரிடத்தில் சுரங்கம் அமைக்கலாமா எனத் தீர்மானிக்க உதவும் சான்றுகளாகும். இவை பெரும்பாலும் "இத்தனை வைரங்கள் கிடைத்தன" என்ற எண்ணிக்கையாகவே பொதுமக்களைச் சென்றடைகின்றன. எண்ணிக்கை, வைரம் உண்டு என்பதை மெய்ப்பிக்கும். சுரங்கம் இலாபம் தரும் என்பதை மெய்ப்பிக்காது. கனடாவின் பாயின்ட் லேக் கிம்பர்லைட் இதற்குத் தக்க சான்று.

பாயின்ட் லேக்

நிலவியலாளர்கள் சார்லஸ் ஃபிப்கேயும் ஸ்டூவர்ட் பிளசனும், பனியாறுகள் இழுத்துச் சென்று பரப்பிய கார்னெட், குரோமைட் போன்ற சுட்டுக் கனிமங்களைப் பின்தொடர்ந்து, கனடாவின் வடபகுதியிலுள்ள லாக் டி கிரா ஏரிப் பகுதியை அடைந்தனர். 1991இல் அங்கு துளையிட்டு எடுத்த 59 கிலோகிராம் கிம்பர்லைட் பாறையில் 81 சிறு வைரங்கள் இருந்தன. செய்தி வெளியானதும், அப்பகுதியில் ஆய்வு உரிமை பெற நிறுவனங்கள் போட்டியிட்டன.

பின்னர் 160 டன் பாறையிலிருந்து 101 காரட் வைரம் பிரிக்கப்பட்டது. அதாவது, டன்னுக்கு ஏறத்தாழ 0.63 காரட். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால், 160 டன்னுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 20 கிராம். அதில் கால் பங்கு மட்டுமே நகைத் தரம் கொண்டது. 1998இல் அங்கு எகாட்டி சுரங்கம் திறக்கப்பட்டபோது முதலில் தோண்டப்பட்டது பாயின்ட் லேக் அன்று, அதற்குப் பின் கண்டறியப்பட்ட பான்டா என்னும் கிம்பர்லைட் குழாய். முதல் முடிவு பொய்யன்று. வைர நிலத்தை அது சரியாகவே காட்டியது. அதைச் சுரங்கத்துக்கான உறுதிமொழியாகப் படித்ததே பிழை.

எண்ணிக்கையின் குறைபாடு

நுண்வைரங்களின் எண்ணிக்கை சல்லடையைப் பொறுத்து மாறும். 0.1 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குபவற்றை எண்ணினால் ஒரு தொகை வரும். அதே பாறையை 0.5 மில்லிமீட்டரில் எண்ணினால் மிகக் குறைவாக வரும். எனவே மாதிரியின் எடையும் சல்லடை அளவும் இல்லாத எண்ணிக்கைகளை ஒப்பிட இயலாது. வைரங்களின் அளவு கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே முதன்மையானது. குறைவு மெதுவாக இருந்தால், விற்கத்தக்க பெரிய கற்களை எதிர்பார்க்க இடமுண்டு. மேலும், ஒரே குழாயில் பலவகைப் பாறைகள் இருப்பதால், ஒரு துளையின் முடிவை முழுக் குழாய்க்கும் பொருத்துவது தவறாகலாம்.

செறிவும் விலையும்

செறிவு மட்டும் போதாது. 2020இல் மூடப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தில் வைரச் செறிவு மிக உயர்வாக இருந்தது. ஆனால் பெரும்பாலானவை விலை குறைந்த பழுப்புக் கற்கள். லெசோத்தோவின் லெட்செங்கில் நூறு டன்னுக்கு 2 காரட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. பெரிய, உயர்தரக் கற்களே அச்சுரங்கத்தைத் தாங்குகின்றன. அத்தகைய அரிய கற்கள் சிறு மாதிரியில் அகப்படாமல் போகலாம். தற்செயலாக ஒன்று அகப்பட்டு மதிப்பை மிகைப்படுத்தவும் கூடும். ஆகவே விலையை நம்பகமாக மதிப்பிட ஆயிரக்கணக்கான காரட் தேவைப்படுகிறது.

மதிப்பீடு

1994இல் லாக் டி கிரா பகுதியின் ட்லி குவி சோ குழாயில் எடுக்கப்பட்ட பெருமாதிரி ஏமாற்றமளித்தபோது, தொடர்புடைய நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தன. 2001இல் கனடா கொண்டுவந்த அறிக்கை விதிகள், முடிவுகளுக்குத் தகுதி பெற்ற வல்லுநர் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. இது அறிக்கையின் நேர்மையைக் காக்கும்; வாசகரின் அவசர முடிவைத் தடுக்காது. எவ்வளவு பாறை, எந்தச் சல்லடை, குழாயின் எப்பகுதி என்ற மூன்றுக்கும் விடை இல்லாத எண்ணிக்கையை நம்பிப் பணம் போடும் சிறு முதலீட்டாளரே இறுதியில் இழப்பைச் சுமக்கிறார்.