பல மொழிகளிற் பாடும் பல்லியம்: ‘பிங்க் மாட்டினி’ பற்றிய ஒரு நோக்கு

இன்றைய ஜனரஞ்சக இசை பற்றி எழுதுவோர் ‘பண்பாடுகளின் சங்கமம்’ என்ற தொடரை மிகத் தாராளமாகவே கையாளுகின்றனர். எப்பண்பாடு, எவர் கையால், எவ்வழியாக வந்து சங்கமித்தது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் 1994ஆம் ஆண்டு தோன்றிய ‘பிங்க் மாட்டினி’ என்னும் சிறு பல்லியக் குழுவை முன்வைத்து இவ்வினாவை எழுப்புவது பயன்தரும். பியானோ, வயலின், செலோ, ட்ரம்பெற், ட்ரொம்போன், கிற்றார் ஆகியவற்றோடு இலத்தீன் அமெரிக்கத் தோற்கருவிகளும் சேர, ஏறத்தாழப் பன்னிரு கலைஞரைக் கொண்ட இக்குழு இருபதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பாடியுள்ளது. இவ்வெண்ணிக்கை வியப்புக்குரியதே. ஆயினும் எண்ணிக்கையை வியப்பது விமர்சனமாகாது.

குழுவை நிறுவிய தோமஸ் லோடர்டேல் சாஸ்திரியப் பயிற்சி பெற்ற பியானோக் கலைஞர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வரலாறும் இலக்கியமும் பயின்றவர். பட்டம் பெற்றுப் போட்லண்ட் திரும்பியபோது அவரது நாட்டம் நகர அரசியலிலேயே இருந்தது. நகர முதல்வராகும் எண்ணமும் அவருக்கிருந்தது. நிதிதிரட்டும் கூட்டங்களில் ஒலித்த இசை அவருக்குச் சலிப்பூட்டவே, குடியியல் உரிமை, குறைந்த செலவு வீடமைப்பு, சூழற் பாதுகாப்பு, பொது நூலகம் முதலிய நோக்கங்களுக்கான கூட்டங்களில் வாசிப்பதற்கெனத் தாமே ஒரு குழுவை அமைத்தார். ஹாவார்ட்டில் தம்முடன் பயின்ற சைனா போர்ப்ஸ் முதன்மைப் பாடகியாக வந்து சேர்ந்தார். இத்தகைய பிறப்பையுடைய குழுவின் பாடல்களில் அரசியலைத் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். அங்கே காதலும் பிரிவும் நிலவும் கடற்கரையுமே உள. அரசியல், பாடப்படும் சந்தர்ப்பத்தில் உண்டு, பாடலில் இல்லை. எதிரெதிர்க் கருத்துடையோரையும் ஒரு மண்டபத்தில் இரண்டு மணிநேரம் முகஞ்சுளிக்காது அமரச்செய்யும் இசை அது. அதன் இனிமைக்கும் அதன் எல்லைக்கும் காரணம் இதுவே.

1997இல் வெளிவந்த ‘சிம்பதீக்’ என்ற முதல் இசைத்தட்டை, பெரிய நிறுவனம் எதனையும் நாடாது, லோடர்டேல் தமது நாயின் பெயரைச் சூட்டிய ‘ஹைன்ஸ்’ என்னும் சொந்த நிறுவனத்தின் மூலமே குழு வெளியிட்டது. இத்தட்டிலும் 2004இல் வந்த அடுத்த தட்டிலும் இடம்பெறும் பிறர் பாடல்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘அமாதோ மியோ’ ஸ்பானியப் பெயர் தாங்கிய ஆங்கிலப் பாடல். 1946இல் வெளிவந்த ‘கில்டா’ என்னும் ஹொலிவூட் படத்தில், வேறொருத்தியின் குரலுக்கு ரீற்றா ஹேவர்த் வாயசைத்த பாடல் அது. ‘அன்னா’ என அறியப்படும் மற்றொன்று 1951இல் எடுக்கப்பட்ட இத்தாலியப் படத்துக்குரியது. அதன் மொழியோ ஸ்பானியம். ‘நெவர் ஒன் சண்டே’ பாடலின் கதை சற்று வேறு: கிரேக்கரான மனோஸ் ஹஜ்ஜிதாகிஸ் 1960இற் படத்துக்காக அமைத்த மெட்டு உலகெங்கும் ஆங்கிலத்திற் பரவியபின், அமெரிக்கரான இவர்கள் அதனைக் கிரேக்கத்திலேயே பாடுகின்றனர்.

ஆகவே, இக்குழு பல நாட்டு மக்களின் இசையைத் திரட்டித் தருகின்றது என்பது பொருந்தாக் கூற்று. நாட்டார் பாடல்கள் ஓரிரண்டு உளவெனினும், இவர்களின் மூலவளம் திரைப்படமும் வானொலியும் ஒரு தலைமுறைக்குக் காட்டிய ‘வெளிநாடு’ என்னும் கற்பனையே. இக்கற்பனையைத் தூய மரபென்று அவர்கள் எங்கும் வேடமிடவில்லை. அந்நேர்மை மெச்சத்தக்கது.

முதல் தட்டின் பெயர்ப்பாடல் போர்ப்ஸும் லோடர்டேலும் பிரெஞ்சில் இயற்றியது. உழைப்பை மறுத்துப் புகைப்பதை நாடும் அதன் பல்லவிக் கருத்து கவிஞர் அப்பொலினேயரிடமிருந்து பெறப்பட்டது. அதே கவிதைக்குப் பூலங்க் 1940இல் இசையமைத்திருந்தார். பிரான்சில் இப்பாடல் பெரும்புகழ் பெற்று, அந்நாட்டின் முக்கிய இசை விருதுக்கும் முன்மொழியப்பட்டது. மோட்டார் வாகன விளம்பரமொன்றும் அதனைப் பயன்படுத்திற்று; வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்பர். காதற் சோம்பலைப் பாடிய ஒரு பாட்டு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே பயன்பட்டமை விந்தையே. இயற்றியோர் அதில் எழுதாத அரசியலைக் கேட்டோர் எழுதிக்கொண்டனர்.

சாஸ்திரிய இசையை இவர்கள் கையாளும் முறை எல்லா இடத்தும் ஒரே தரத்ததன்று. ‘லா சொலேதாத்’ பாடலில் ஷொப்பானின் ‘அந்தாந்தே ஸ்பியனாத்தோ’ என்ற பியானோ ஆக்கம், நீரலைபோன்ற தன் இடக்கை அசைவோடு வந்து இலத்தீன் அமெரிக்கத் தாளத்திற் கரைகின்றது. எங்கு ஒன்று முடிந்து மற்றது தொடங்குகின்றது என்று செவி தேடவேண்டியுள்ளது. 2009இல் வந்த ‘ஸ்பிளெண்டர் இன் த கிராஸ்’ என்னும் பாடலிலோ, சைக்கோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கொன்சேற்றோவின் புகழ்பெற்ற மெட்டு நடுவே நுழைந்து தன்னைக் காட்டிக்கொள்கின்றது. கேட்போர் அதனை இனங்கண்டு மகிழ்வர். ஆயின் பாடல் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. முன்னது கலப்பு, பின்னது ஒட்டு.

ஐக்கிய நாடுகள் சபைக்கு 1962இல் ஒரு சொந்த இசைக்குழு இருந்திருப்பின் தமது குழு அதுவாக இருந்திருக்க விரும்புவதாக லோடர்டேல் கூறியுள்ளார். குழுவின் இயல்பை இக்கூற்று கச்சிதமாக உணர்த்துகின்றது. அதன் குறையையும் தானறியாமலே உணர்த்திவிடுகின்றது. 1962 அல்ஜீரியா குருதி சிந்தி விடுதலை பெற்ற ஆண்டு. அவ்வாண்டு ஒக்ரோபரில் கியூப ஏவுகணை நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்பிற்கே கொண்டுசென்றது. ஐ.நா. படையினர் கொங்கோவிற் போரிட்டுக்கொண்டிருந்தனர். கியூபத் தாளங்களை இத்துணை நேசிக்கும் குழுவின் 1962இல் இவற்றின் நிழல்கூட விழவில்லை. மதுக்கிண்ணமும் மாலை உடையும் மாத்திரமே எஞ்சின. பழமையை நாடுதல் குற்றமன்று. பழமையிலிருந்து நோவை மட்டும் நீக்கி எடுப்பது வேறு விடயம்.

எனினும் இக்கண்டனத்தை முற்றாக நிலைநிறுத்தவும் இயலாது. ஈராக் மீதான அமெரிக்கப் படையெடுப்பு 2003இல் நிகழ்ந்தது. அப்போர் ஓயாத 2007இல் வெளிவந்த ‘ஹே யூஜீன்’ தட்டில், எகிப்தியப் பாடகர் அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் பாடிப் புகழ்பெற்ற காதற்பாடலொன்றைப் போர்ப்ஸ் அரபு மொழியிற் பாடினார். முன்னுரையுமில்லை, முழக்கமுமில்லை. அமெரிக்கச் செய்திகளிற் போரோடு மட்டும் பிணைத்துக் கேட்கப்பட்ட ஒரு மொழி, அங்கே காதலின் மொழியாகக் கேட்கப்பட்டது. அவ்வளவே, ஆயினும் அது சிறிய செயலன்று.

இனி, பொருளறியாது ஒலியை மட்டும் பயின்று பாடுதல் தகுமா என்பது எஞ்சுகின்றது. 2011இற் குரல்நாண் சத்திரசிகிச்சைக்காகப் போர்ப்ஸ் ஓய்வெடுத்தபோது, ஸ்டோம் லார்ஜ் என்ற பாடகி சில நாட்களுக்குள்ளேயே பல மொழிப் பாடல்களைக் கற்று மேடையேறினார். திறமை என்ற வகையில் இது பாராட்டுக்குரியது. ஆனால் சில நாட்களிற் கற்கப்பட்ட மொழி செவிக்கும் நாவுக்கும் உரியதாகலாம். அதற்கு மேற் செல்லுமா என்பது ஐயத்துக்குரியது.

இவ்வையத்துக்கு இக்குழு தந்த மிகச்சிறந்த விடை ‘1969’ என்னும் தட்டாகும். போட்லண்ட் இசைத்தட்டுக் கடையொன்றில், அட்டைப்படத்தின் அழகாற் கவரப்பட்டு, ஜப்பானியப் பாடகி சவோரி யுகியின் பழைய தட்டொன்றை லோடர்டேல் வாங்கினார். அதன் ‘தயா தன்’ பாடலைக் குழு 2007இல் தன் தட்டிற் சேர்த்துக்கொண்டது. அதுவரை நிகழ்ந்தது வழமையான இரவல். 2011இலோ யுகியே வந்து, இவர்களின் வாத்தியங்களோடு, தாம் புகழடைந்த 1969ஆம் ஆண்டின் பாடல்களைப் பாடினார். ஜப்பானில் அத்தட்டு பெருவரவேற்புப் பெற்றது. யுகியின் குரலுக்கு முன் பல்லியம் வழமையிலும் அடங்கி ஒலிக்கின்றது, ட்ரம்பெற் பின்வாங்குகின்றது, நளினம் காட்டும் அவசரம் எவரிடமும் இல்லை. 1969இல் அவருக்குப் புகழீட்டிய பாடலும் அதில் உண்டு. சொற்களில் அன்றி, பொருளற்ற அசைகளின் இசைப்பிலேயே அப்பாடல் தொடங்குகின்றது. எம்மொழிக்கும் உரியதல்லாத அந்த அசைகள், ஜப்பானியப் பாடகி ஒருவரின் வாயினின்றே எழுவன என்பதிற் கேட்போருக்கு ஒருகணமும் ஐயம் தோன்றுவதில்லை.