வேலைக்காடும் விலங்குக் காடும்
மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை முன்வைத்து

பாலிங், குப்பாங், கோல கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் 'காடு' என்ற சொல்லுக்கு வழங்கி வந்த பொருளை எந்த அகராதியிலும் காண இயலாது. பால்வெட்டச் செல்லும் இடம் 'வேலைக்காடு'. களையெடுப்பும் மருந்தடிப்பும் 'வெளிக்காட்டு வேலை'. வரிசை பிடித்து நட்டு, எண்ணிட்டு, நிரை நிரையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட கித்தா மரங்களே தோட்டத் தமிழருக்குக் காடாயின. 1970களில் மலேசியத் தோட்ட வாழ்க்கையை நாவலாக்கிய அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். மக்கள் வழக்கை ஒட்டிய பெயர். அதில் பிழை காண ஒன்றுமில்லை.

எனினும், அக்கித்தாக் காட்டின் விளிம்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர்களின் கண்ணெதிரே மற்றொரு காடும் இருந்தது. தெற்கே இனாஸ் மலை. வடக்கே சிக் வழியாக உலு மூடாப் பெருங்காடு. கிழக்கே கிரிக் சாலையைத் தாண்டினால் பெலும், தெமெங்கோர். யாரும் நடாத அக்காட்டுக்கு மலேசியத் தமிழ் எழுத்தில் தனிப் பெயர் ஒன்று ஏற்படவில்லை. அதில் வாழும் உயிர்களுக்கும் பெயர் ஏற்படவில்லை. இது சிறு குறையா, இலக்கியக் குறையா என்பதை ஆராய்வதற்கு ஓர் அளவுகோல் தேவை. தமிழில் அதற்கு மிகவும் பொருத்தமானவை மா. கிருஷ்ணனின் கட்டுரைகளே.

மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர்; 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். மாதவையா உப்புத்துறையில் நெடுநாள் அதிகாரியாக இருந்தவர். எழுத்தில் முழுமையாக ஈடுபட விரும்பி, உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்றுப் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தினார். 1925இல் சென்னைப் பல்கலைக் கழகப் பேரவையில் தமிழ்ப் பாடத்திற்காக வாதாடிப் பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். சம்பளத்தை உதறிவிட்டு எழுத்தை நாடிய தந்தையின் மகன் என்பதைக் கிருஷ்ணனைக் கற்போர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணன் தாவரவியல் கற்றார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். 1942இல் பெல்லாரிக்கு அண்மையிலுள்ள சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணியில் அமர்ந்தார். அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பதவிகளை வகித்தார். அலுவலக நேரம் போக மீந்த பொழுதெல்லாம் சுற்றுப்புறக் காடுகளில் கழிந்தது. 1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டபோது அவருக்கு வயது 37. சென்னைக்குத் திரும்பியவர் அதன்பின் மாதச் சம்பளத்தை நாடவில்லை. எழுதியும், கானுயிர்களைப் படம் பிடித்தும் வாழ்க்கையை நடத்தினார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி, அவர் மறைந்த 1996 வரை ஏறத்தாழ 46 ஆண்டுகள் வெளிவந்தது. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய 1968இல் நேரு ஆய்வுக்கொடை அவருக்குக் கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ விருதும் கிட்டியது.

இவ்வரலாற்றை இன்று சொல்ல முற்படுவோர் அதனை ஒரு துறவுக் கதையாக்கிவிடுகின்றனர். கணினி நிறுவனங்களில் பெருஞ்சம்பளம் பெற்றோர் பதவி துறந்து படக்கருவியுடன் காடு புகும் செய்தி இக்காலத்தில் அடிக்கடி கேட்கப்படுவது. பெங்களூரில் யாஹூ நிறுவனத்தில் பணியாற்றிய கல்யாண் வர்மா அவ்வேலையை விட்டுப் பிலிகிரி ரங்கன் மலைக்குச் சென்று, பின்னர்ப் பெயர் பெற்ற கானுயிர்ப் படக்கலைஞரானார். அவ்வகைத் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் கிருஷ்ணனின் கதையை அவ்வச்சில் வார்ப்பது பொருந்தாது. அவர் வேலையை விட்டார் என்பதைக் காட்டிலும், வேலை அவரை விட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமானது; சமஸ்தானமே மறைந்தபின் செயலாளர்ப் பதவி ஏது? அவருடைய உறுதி, மீண்டும் ஒரு பதவியைத் தேடிச் செல்லாமையில் விளங்குகிறது. ஒரு நாள் எழுச்சியில் பதவியைத் துறப்பதினும், 47 ஆண்டுகள் நிலையான வருவாயின்றி ஒரே பொருளை நோக்கியிருப்பது கடினம். பின்னதைப் பற்றி நாளேடுகள் எழுதுவதில்லை.

அந்த நெடுங்காலப் பொறுமையே அவருடைய உரைநடையின் தன்மையாகவும் அமைந்தது. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் அவருடைய மறைவுக்குப் பின்னரே நூலுருப் பெற்றுப் பரவலாயின. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் பதிப்பித்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' ஆகிய இரண்டும் தமிழாசிரியர் கையில் இருக்க வேண்டியவை. அவற்றைப் படிப்போர் முதலில் உணர்வது, 'ஆகா' என்னும் வியப்பொலி அங்கு இல்லாமை. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மயிலைக் கண்டதும் முருகனை நினைப்பர். குயிலைக் கேட்டதும் காதலியை நினைப்பர். மயிலும் குயிலும் நினைவூட்டிகளாக நின்றுவிடுகின்றன. கிருஷ்ணனோ பறவை எங்கே அமர்ந்தது, எதைத் தின்றது, பெட்டையும் சேவலும் எவ்வாறு வேறுபட்டன என்பவற்றைக் கவனித்து எழுதினார். காக்கை, அணில், பல்லி ஆகிய வீட்டோர உயிர்களுக்கும் யானைக்கு அளித்த அதே கவனத்தை அளித்தார். எளிய தமிழ், இடையிடையே உலர்ந்த நகைச்சுவை, தேவையற்ற அடைமொழி கிடையாது.

அவருடைய படங்களும் இத்தகையனவே. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தவர். பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கனத்த படக்கருவி ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என விளையாட்டாகப் பெயர் சூட்டியிருந்தார். விலங்கின் இயல்பைக் காட்டும் சான்று என்பதே அவர் நோக்கில் படத்தின் மதிப்பு. கண்ணைப் பறிக்கும் வண்ணம் அவருக்கு இலக்கன்று. சாம்பல் நிறத்தின் பல படிநிலைகளைக் கொண்டே யானையின் தோலையும் மூங்கிலின் நிழலையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு, அடைமொழியைக் குறைத்து வினைச்சொல்லைக் கொண்டே காட்சியை நிறுத்தும் அவருடைய உரைநடைக் கட்டுப்பாட்டை ஒத்திருக்கிறது. இரு கலைகளையும் ஒருவரே பயில்வதால் இவ்வொப்புமை தானே வந்துவிடும் என எண்ணுதல் கூடாது. சிறந்த படக்கலைஞர் பலர் எழுத வரும்போது மிகைச் சொற்களில் மூழ்கிவிடுகின்றனர்.

பெயரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனின் பொறுப்பில் வெளியிட்ட கலைக்களஞ்சியத்திற்குக் கிருஷ்ணன் விலங்குகளைப் பற்றி எழுதினார். ஓர் உயிருக்குரிய சரியான தமிழ்ப் பெயரை நிறுவாமல் அதைப் பற்றிய அறிவைத் தமிழில் நிறுவ முடியாது. இன்று தமிழ்ச் செய்தித்தாள்கள் 'காட்டெருமை' என்று எழுதும் விலங்கு எருமையினம் அன்று. அது காட்டு மாடு. சங்கப் புலவர்கள் அதனை ஆமா, ஆமான் என்று வழங்கினர். குறிஞ்சி நிலத்துப் பாடல்களில் வரும் அவ்விலங்கும், மலாய்மொழியில் 'செலாடாங்' எனப்படும் விலங்கும் ஒரே இனத்தவை. அதாவது, மலாயக் காட்டில் திரியும் ஒரு பெருவிலங்குக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான பெயர் ஆயத்தமாக இருந்தது. அப்பெயரைக் கப்பலேறி வந்தவர் கொணரவில்லை; பின்னர் எழுத வந்தவரும் எடுத்துப் பொருத்தவில்லை.

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் விலங்குகள் இல்லாமல் இல்லை. பன்றி வருகிறது, பாம்பு வருகிறது, எப்போதேனும் புலி வருகிறது. ஆனால் அவை பெரும்பாலும் அச்சமாகவோ தொல்லையாகவோ உவமையாகவோ வந்து போகின்றன. கங்காணியின் கொடுமைக்குப் புலி உவமை. கிராணியின் சூழ்ச்சிக்கு நரி உவமை. மலாயக் காடுகளில் நரி உண்டா என்று உவமித்தவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டுக் கதையிலிருந்து வந்த நரி அது.

இதற்காக எழுத்தாளரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின் காடு என்பது துப்பாக்கி இருக்கும் இடம் என்று பொருள்பட்டது. தோட்டத் தொழிலாளர் பலர் முள்வேலிக்குள் ஒருங்கே குடியமர்த்தப்பட்டனர்; ஊரடங்கு இருந்தது. காட்டோரம் சென்றவர் இரு தரப்பாரின் ஐயத்துக்கும் ஆளாகும் காலம் அது. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசியது இதே பாலிங்கில். அப்பேச்சு முறிந்தது; அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காட்டை நோக்கலாகாது எனப் பழக்கப்பட்ட ஒரு தலைமுறையிடம் பறவை நோக்கும் இலக்கியத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணனுக்குக் குடியிருக்க வீடு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் கூரையும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், கித்தா அழிந்து செம்பனை வந்தபோதும், 1969ஐ ஒட்டிக் குடியுரிமையற்றோர் வேலை உரிமம் பெற வேண்டியிருந்தபோதும் வேலையை இழந்தவர் இழந்தது சம்பளத்தை மட்டும் அன்று. 1974 இறுதியில் கித்தா விலை வீழ்ந்து பாலிங்கில் மக்கள் திரண்டெழுந்ததும் வயிற்றின் பொருட்டே. வேலையை விட்டு மனம் விரும்பியதை நாடுதல் என்னும் கருத்தே இவர்களிடையே பொருளற்றது. ஆகவே 'கிருஷ்ணனைப் போல் துணிக' என மாணவருக்கு மேடையில் சொல்வோர், அத்துணிவுக்குப் பின்னிருந்த வீட்டையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கிருஷ்ணனிடமும் குறையுண்டு. அவர் எழுதியவற்றுள் மிகப் பெரும்பகுதி ஆங்கிலம். 46 ஆண்டுப் பத்தியும் ஆங்கிலப் பத்தியே. தமிழில் கிடைப்பவை, 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் நாவலையும் சேர்த்து, ஒரு சிறிய அடுக்கில் அடங்கிவிடும். தமிழுக்காகப் பேசிக்கொண்டே உயிர்விட்ட தந்தையின் மகன் தமிழுக்குக் கொடுத்தது அவ்வளவே என்பது வருந்தத்தக்கது. தமிழ் இதழ்கள் அவரை எழுதவைத்துக் காக்கும் நிலையில் இருந்தனவா என்றும் கேட்க வேண்டும். முழுநேர எழுத்தாளருக்குச் சோறு போடும் வழக்கம் தமிழ் இதழுலகில் அரிது. மேலும், ஒரு நாட்டின் அடையாளத்தை அதன் மண்ணிலும் மரத்திலும் விலங்கிலும் காண வேண்டுமென்று வாதிட்டு, அயலிலிருந்து கொணர்ந்து நடப்படும் மரங்களை அவர் வெறுத்தார். பிரேசிலிலிருந்து வந்த கித்தாவையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையையும், தமிழகத்திலிருந்து வந்த மனிதரையும் ஒருங்கே கொண்ட பாலிங் வட்டாரத்தில் இவ்வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. வந்தேறிய மரத்தை வெறுக்கும் நாவு வந்தேறிய மனிதனிடம் எங்கே நிற்கும் என்ற வினா எழுகிறது. கிருஷ்ணன் மனிதரைப் பற்றி அவ்வாறு சொன்னவர் அல்லர். எனினும் மலேசிய வாசகர் அவ்விடத்தில் சற்று நின்றே செல்ல வேண்டும்.

நின்று சென்றாலும் அவரிடம் கற்க வேண்டியது மிகுதி. இருவாய்ச்சிப் பறவையை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் பத்து வகை இருவாய்ச்சிகளும் பாலிங்கிற்குக் கிழக்கேயுள்ள பெலும், தெமெங்கோர் காடுகளில் உள்ளன. மலாய்க்காரர் 'எங்காங்' என்பர். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்து, ஒரு பிளவை மட்டும் விட்டு அடைகாக்கும். சேவல் அப்பிளவின் வழியே பழம் ஊட்டும். இதற்கு முதிர்ந்து பருத்த, பொந்து விழுந்த மரம் வேண்டும். கித்தா மரமோ 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படுவது. பொந்து விழும் வயது வரை அதனை எவரும் விட்டுவைப்பதில்லை. வேலைக்காட்டில் இருவாய்ச்சி இல்லாததன் காரணம் இதுவே. இச்செய்தி ஒன்றைக் கொண்டே, இரு காடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறுகதை காட்டியிருக்க முடியும். மறுநடவுக்கு மரம் வீழ்வதைக் கண்ணீரோடு எழுதிய கதைகள் உள்ளன. அம்மரத்தில் எப்பறவை கூடு கட்டவில்லை என்று அவை கேட்டதில்லை.

தொல்காப்பியர் கருப்பொருளில் விலங்கையும் மரத்தையும் பறவையையும் வைத்தது அணிக்காக அன்று. உரிப்பொருள் எந்நிலத்தில் நிகழ்கிறது என்பதற்கு அவை சான்று. படிவ வகுப்புகளில் ஐந்திணைப் பட்டியலை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும் என ஒப்பிக்கின்றனர். அவ்வகுப்பின் சன்னலுக்கு வெளியே நிற்கும் சுண்ணாம்புப் பாறைமலை எந்தத் திணை, அதன் கருப்பொருள் யாவை என்னும் வினா தேர்வில் வருவதில்லை. 2022 ஜூலை 4 அன்று இனாஸ் மலையிலிருந்து வெள்ளம் மரங்களையும் சேற்றையும் அடித்துக்கொண்டு குப்பாங்கில் புகுந்து மூவரின் உயிரைக் குடித்தது. மேட்டுக் காடு அழிக்கப்பட்டதன் விளைவா என நாடெங்கும் வாதம் எழுந்தது. அம்மலையில் முன்னர் எவ்வெம்மரம் நின்றது, எவ்விலங்கு திரிந்தது என்று எடுத்துக்காட்ட ஒரு தமிழ்க் கட்டுரையைத் தேடுவோர்க்கு இன்று கிடைப்பது, பால்மரக் காட்டின் கதைகளே.